எந்தச் சட்டம், எந்த வாசல்: சட்ட முறைமைகளும் குழந்தை உரிமைப் பாதுகாப்பும்

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்டது. 54 பிரிவுகள் கொண்ட அந்த உடன்படிக்கையில் 196 தரப்புகள் இணைந்துள்ளன. கையெழுத்திட்ட பிறகும் அதை உறுதி செய்யாமல் நிற்கும் நாடு அமெரிக்கா ஒன்றுதான். ஆனால் இந்த உடன்படிக்கையை எடுத்துக்கொண்டு பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போவதும் சென்னைக்கோ கொழும்புக்கோ போவதும் ஒன்றல்ல. பாரிஸ் நீதிபதி அதன் சில பிரிவுகளை நேரடியாகவே சட்டமாக எடுத்துக்கொள்வார். சென்னையில் அது உள்நாட்டுச் சட்டத்துக்குப் பொருள் காண உதவும் துணைக்கருவி. கொழும்பில் அதன் சாரத்தை ஏற்ற உள்நாட்டுச் சட்டம் எது என்ற கேள்விதான் முதலில் எழும்.

குழந்தை நலத்தில் வேலை செய்பவர்கள் உரிமை எது என்பதை விரைவில் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அந்த உரிமையை எந்தச் சட்டத்தின்படி, எந்த அமைப்பிடம், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. நாட்டின் சட்ட முறைமையைத் தெரிந்துகொள்வது அதற்காகத்தான். உலகின் சட்ட முறைமைகளைத் தொகுப்புச் சட்டம், முன்தீர்ப்பை அடிப்படையாகக் கொண்ட பொதுச்சட்டம், சமயச் சட்டம், வழமைச் சட்டம், இவற்றின் கலப்பு என்று ஐந்தாகப் பிரிப்பது வழக்கம். நடைமுறையில் கலப்பில்லாத நாடு அரிது. குழந்தைகள் அதிகம் இடறி விழுவதும் ஒரு முறைமைக்குள் அல்ல, இரண்டு முறைமைகள் சந்திக்கும் இடத்தில்தான். இந்த அத்தியாயம் முதல் நான்கையும் சுருக்கமாகப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் நின்று பேசுகிறது.

தொகுப்புச் சட்டம்

உரோமச் சட்ட மரபில் வந்தது தொகுப்புச் சட்ட முறை. பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், இலத்தீன் அமெரிக்க நாடுகள், ஜப்பான் ஆகியவை இதைச் சார்ந்தவை. 1804-இல் நெப்போலியன் காலத்தில் வந்த பிரெஞ்சுச் சிவில் சட்டத் தொகுப்பு இதன் முன்மாதிரி. சட்டம் ஒரே தொகுப்பில் பிரிவு பிரிவாக எழுதப்பட்டிருக்கும். நீதிபதி அதற்குப் பொருள் கண்டு பயன்படுத்துவார். உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு நடைமுறையில் மதிப்பு உண்டு என்றாலும் வாதம் தொடங்கும் இடம் பிரிவு எண்ணே.

குழந்தைக்கு இதனால் ஒரு பெரிய வசதி உண்டு. பிரெஞ்சுத் தொகுப்பின் 375-ஆம் பிரிவு, ஒரு சிறாரின் உடல்நலமோ பாதுகாப்போ ஒழுக்கமோ ஆபத்தில் இருந்தால் சிறார் நீதிபதி தலையிடலாம் என்கிறது. யார் மனு செய்யலாம் என்ற பட்டியலில் பெற்றோர், காப்பாளர், அரசு வழக்குத்துறை ஆகியோரோடு அந்தச் சிறாரும் இருக்கிறார். விதிவிலக்கான நிலையில் நீதிபதி தாமாகவே வழக்கை எடுக்கலாம். விசாரணையை நீதிபதியே முன்னின்று நடத்துவதால், இரு தரப்பு வழக்கறிஞர்களின் மோதலுக்கு நடுவே குழந்தை சிக்குவது இங்கே ஒப்பீட்டளவில் குறைவு.

தொகுப்பில் ஒரு வரி மாறினால் நாடு முழுவதும் விதி மாறிவிடும். வீட்டில் குழந்தையை அடிப்பதை 1979-இல் சுவீடன் தடை செய்தது; உலகில் அதுவே முதல் நாடு. ஜெர்மனி 2000-இல் தன் சிவில் தொகுப்பில் அதே விதியை எழுதியது. பிரான்ஸ் 2019-இல்தான் அதைச் செய்தது. எழுதுவதில் இருந்த தாமதம்தான் தடையாக இருந்தது. எழுதிய பிறகு விதியை நிறுவ வழக்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

உடன்படிக்கையின் நிலையும் இங்கே வேறு. வெளியிடப்பட்ட உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டத்துக்கு மேலானது என்று பிரெஞ்சு அரசமைப்பின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. இருந்தும், குழந்தை உரிமை உடன்படிக்கை அரசுகளை மட்டுமே கட்டுப்படுத்தும், தனிநபர் அதை நீதிமன்றத்தில் நேரடியாகக் கோர முடியாது என்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 1993-இல் கைவிரித்தது. நிர்வாகத் துறைக்கான உச்ச மன்றம் 1997-இல் குழந்தையின் நலனே முதன்மை என்னும் விதியை ஏற்றது. மேல்முறையீட்டு மன்றம் தன் நிலையை மாற்றிக்கொள்ள 2005 ஆயிற்று. தொகுப்புச் சட்ட நாடு என்றாலே உடன்படிக்கை தானாக வேலை செய்யும் என்ற எண்ணத்தை இது சற்றுத் தணிக்க வேண்டும்.

இந்த முறைமை தமிழர்க்கு முற்றிலும் அந்நியமானதல்ல. புதுச்சேரியில் 1881-ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வழியினர் இன்றும் இருக்கிறார்கள். இந்து திருமணச் சட்டமே அவர்களுக்குத் தான் பொருந்தாது என்று விலக்கு அளிக்கிறது. கோவாவில் போர்ச்சுகீசியச் சிவில் தொகுப்பின் குடும்பப் பகுதி தொடர்கிறது. இப்படிப்பட்ட குடும்பத்துக் குழந்தையின் காப்பாண்மை வழக்கில் இந்தத் தகவலைக் கேட்காமல் மனு எழுதினால் அடித்தளமே தவறிவிடும்.

முன்தீர்ப்பின் வழி

இங்கிலாந்தில் பிறந்த பொதுச்சட்ட முறையில் நாடாளுமன்றச் சட்டத்தோடு நீதிமன்றத் தீர்ப்புகளும் சட்டமாகின்றன. உயர்ந்த மன்றம் ஒருமுறை சொன்னது கீழ்மன்றங்களைக் கட்டுப்படுத்தும். குழந்தைகளைப் பொறுத்தவரை இம்மரபின் அருமையான கொடை, பெற்றோர் தவறும்போது அரசே பெற்றோர் நிலையில் நின்று காக்கும் என்ற பழைய கோட்பாடு. இந்திய உயர்நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுவில்கூடக் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தக் கோட்பாட்டின் வலிமையால்தான். அத்தகைய மனுவில் தாய்க்கும் தந்தைக்கும் உள்ள உரிமையை எடைபோடுவதோடு மன்றம் நிற்பதில்லை. குழந்தையின் நலன் எதில் இருக்கிறது என்று பார்க்கிறது.

வளரும் குழந்தையின் முடிவெடுக்கும் திறனுக்குச் சட்ட வடிவம் கொடுத்ததும் ஒரு தீர்ப்புதான். 16 வயதுக்குக் குறைந்தவருக்கும், விஷயத்தைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் மருத்துவ ஆலோசனை தரலாம் என்று 1985-இல் கில்லிக் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கூறியது. பிறந்தநாளைக் கொண்டு கோடு கிழிக்காமல் குழந்தையின் புரிதலைப் பார்க்கும் அந்த அளவுகோலைப் பொதுச்சட்ட நாடுகள் பலவும் எடுத்துக்கொண்டன.

யாரேனும் வழக்குக் கொண்டுவந்தால்தான் இங்கே சட்டம் நகரும். அது நகரும் வேகத்துக்கு இந்தியாவின் கல்வி உரிமையே சான்று. 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. 2002-இல் 86-ஆம் அரசமைப்புத் திருத்தம் 21-அ பிரிவைச் சேர்த்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பு வந்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும் வயதில் இருந்த குழந்தை, சட்டம் வந்தபோது வாக்களிக்கும் வயதைத் தாண்டியிருக்கும்.

சில நேரம் தீர்ப்பு சட்டத்தை முந்துவதும் உண்டு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகள் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும், இயலாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும் என்றது. 14 வயதுக்குக் குறைந்தவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்ற பொதுத் தடையை நாடாளுமன்றம் கொண்டுவந்தது 2016-இல். அதிலும் பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கு இருக்கிறது. அந்த விலக்கின் மறைவில் என்னென்ன நடக்கும் என்பது தொழில் நகரங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இரு தரப்பும் மோதி உண்மையை வெளிக்கொணர்வது பொதுச்சட்ட விசாரணையின் இயல்பு. குறுக்கு விசாரணை அதன் உயிர்நாடி. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு அதுவே இன்னொரு கொடுமையாகிவிடும். இந்தியாவின் 2012 போக்சோ சட்டம் இந்த இடத்தில் மரபை வெட்டித் திருத்தியது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர், கூடுமானவரை பெண் அதிகாரி, பதிவு செய்ய வேண்டும். வழக்கறிஞர் கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, நீதிபதி குழந்தையிடம் கேட்பார். குற்றத்தை நீதிமன்றம் கவனத்தில் எடுத்த 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தையும், கூடுமானவரை ஓராண்டுக்குள் விசாரணையையும் முடிக்க வேண்டும். இவை சட்டத்தில் இருந்தும் கேட்காமல் கிடைப்பதில்லை. குழந்தையோடு போகும் ஆதரவு நபர் இவற்றை நீதிமன்றத்தில் நினைவூட்டத் தயங்கக் கூடாது.

பன்னாட்டு உடன்படிக்கை இங்கே தானாகச் சட்டமாவதில்லை. இந்தியா 1992 டிசம்பரில் உடன்படிக்கையில் இணைந்தது. அதற்கு உயிர் கொடுக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில், அடிப்படை உரிமைகளுக்கு முரணாகாத உடன்படிக்கை விதிகளை எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 1997 விசாகா தீர்ப்பு வழி திறந்தது. எனவே மனுவில் உடன்படிக்கைப் பிரிவைத் தனியே காட்டினால் போதாது. உள்நாட்டுச் சட்டப் பிரிவோடு இணைத்துக் காட்ட வேண்டும்.

சமயச் சட்டமும் வழமையும்

சமயச் சட்டம் முழுமையாக ஆளும் நாடுகள் சிலவே. ஆனால் குடும்ப விஷயத்தில் மட்டும் சமயச் சட்டத்தைக் கைக்கொள்ளும் நாடுகள் ஏராளம். இஸ்லாமியச் சட்டம் குழந்தையை உடனிருந்து வளர்க்கும் பொறுப்பையும் அதன் சொத்து, திருமணம் போன்றவற்றில் முடிவெடுக்கும் காப்பாண்மையையும் பிரிக்கிறது. முதலாவது இளவயதில் பெரும்பாலும் தாய்க்கு, இரண்டாவது தந்தைக்கு. வளர்ப்பைக் கோரும் மனுவும் காப்பாண்மையைக் கோரும் மனுவும் ஆகவே ஒன்றல்ல. தத்தெடுப்புக்குப் பதிலாகப் பெயரும் வாரிசுரிமையும் மாறாமல் வளர்க்கும் கஃபாலா முறை இருக்கிறது. உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு அதைப் பெயர் சொல்லியே ஏற்கிறது. சமயச் சட்டம் என்றால் மாறாதது என்ற பொதுக்கருத்து சரியல்ல. பெண்ணின் திருமண வயது ஆணைவிடக் குறைவாக இருப்பது பாகுபாடு என்று இந்தோனேசிய அரசமைப்பு நீதிமன்றம் 2018-இல் சொல்ல, மறு ஆண்டே இருவருக்கும் 19 என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது.

வழமைச் சட்டத்தில் எழுத்து குறைவு, ஊரின் நினைவு அதிகம். அதைக் குழந்தை உரிமையோடு எப்படிப் பொருத்துவது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா நல்ல பாடம். 1996 அரசமைப்பு வழமைச் சட்டத்தை ஏற்கிறது, ஆனால் அரசமைப்புக்கு உட்பட்டு. கேப் டவுனின் கயலிட்சாவில் ஒருவர் இறந்தபோது, வழமைப்படி அவர் வீடு மூத்த ஆண் உறவினரான அவருடைய தந்தைக்குப் போகும் நிலை இருந்தது. இரண்டு சிறு மகள்களுக்கு ஒன்றுமில்லை. 2004-இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்த ஆண்வழி மூத்தோர் வாரிசு விதியைச் செல்லாது என்று அறிவித்தது. வழமைக்கு மேல் ஒரு தராசு இருந்ததால்தான் இது முடிந்தது. அந்தத் தராசு இல்லாத நாட்டின் கதை கீழே வருகிறது.

ஒரே நாட்டில் இரண்டு சட்டங்கள்

மலேசியாவின் ஈப்போவில் 2009-இல் ஒரு தமிழ்த் தந்தை இஸ்லாத்தைத் தழுவினார். மழலையர் பள்ளி ஆசிரியையான மனைவிக்குத் தெரியாமல் மூன்று குழந்தைகளையும் மதம் மாற்றி, பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஷரியா நீதிமன்றம் பிள்ளைகளின் பொறுப்பை அவருக்குக் கொடுத்தது. முஸ்லிம் அல்லாத தாயால் அந்த நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஈப்போ உயர்நீதிமன்றம் 2010-இல் பொறுப்பைத் தாய்க்குக் கொடுத்தது. ஒரே குழந்தைக்கு இரண்டு மன்றங்கள், இரண்டு ஆணைகள், இரண்டும் செல்லுபடியாகும் முத்திரையோடு. எதை அமல்படுத்துவது என்று காவல்துறை கையைப் பிசைந்தது.

தாயின் பெயரால் இந்திரா காந்தி வழக்கு என்று அறியப்படும் இதன் முடிச்சு அரசமைப்பின் 121(1அ) பிரிவில் இருக்கிறது. ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிடாது என்று 1988-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. உயர்நீதிமன்றம் 2013-இல் குழந்தைகளின் மதமாற்றத்தை ரத்து செய்தது; மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் அதைக் கவிழ்த்தது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தாய் பக்கம் நின்றார்கள். நிர்வாகச் செயலின் சட்டபூர்வத்தை ஆராயும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்தின் அடிப்படைக் கட்டமைப்பு, அதைப் பிடுங்க முடியாது. பெற்றோர் இருவரும் இருக்கும்போது இருவர் சம்மதமும் இல்லாமல் குழந்தையின் மதமாற்றம் செல்லாது என்றார்கள். 2024-இல் பெர்லிஸ் மாநிலம் தொடர்பான வழக்கிலும் இதே நிலை நிலைபெற்றது.

தீர்ப்பு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், எடுத்துச் செல்லப்பட்ட குழந்தை அந்தத் தீர்ப்பால் வீடு வந்து சேரவில்லை. ஒன்பது ஆண்டுகள் சட்ட வாதத்தில் போக, அவள் வேறொருவர் நிழலில் வளர்ந்துவிட்டாள். நாடாளுமன்றம் 2017-இல் திருமணச் சட்டத்தைத் திருத்தி, மதம் மாறியவர் தரப்பிலிருந்தும் விவாகரத்து வழக்கு சிவில் நீதிமன்றத்துக்கே வர வழிசெய்தது. ஆனால் ஒருதலை மதமாற்றத்தைத் தடுக்கும் பிரிவை மசோதாவிலிருந்து அரசு விலக்கிக்கொண்டது. மலேசியாவில் இத்தகைய குடும்பத்துக்கு உதவுபவர் முதல் நாளே சிவில் உயர்நீதிமன்றத்தில் இடைக்கால ஆணை பெறுவது, குழந்தையின் பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு ஆகியவற்றைத் தாயிடம் பத்திரப்படுத்துவது ஆகிய இரண்டையும் தள்ளிப்போடக் கூடாது.

இலங்கையின் கலப்பு இன்னும் சிக்கலானது. உரோம டச்சுச் சட்டம் பொதுவான அடித்தளம். அதன் மேல் ஆங்கிலச் சட்டம். கூடவே கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம், டச்சுக்காரர் காலத்தில் 1707-இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத் தேசவழமை. தேசவழமை என்றதும் பிள்ளை பற்றிய எல்லாவற்றையும் அது தீர்மானிக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இன்று அதன் வீச்சு பெரும்பாலும் மணச்சொத்து, வாரிசு, நிலத்தை முதலில் வாங்கும் உரிமை ஆகியவற்றோடு நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் பராமரிப்பு வழக்கு உரோம டச்சுச் சட்டத்தின்படியே நடக்கும். அச்சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளராக முதலில் வைக்கிறது. நீதிமன்றத்தையோ எல்லாச் சிறாருக்கும் மேற்காப்பாளராக வைக்கிறது. தாய்க்காக வாதாடுபவர் பற்றிக்கொள்ள வேண்டியது இந்த இரண்டாவது கொள்கையை.

திருமண வயது 1995 திருத்தத்தால் பொதுச் சட்டத்திலும் கண்டியச் சட்டத்திலும் 18 ஆனது. 1951-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதையும் வகுக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமி என்றால் முஸ்லிம் திருமண நீதிபதியான காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. தண்டனைச் சட்டமும் இதற்கு இசைவாக வளைந்திருக்கிறது. 16 வயதுக்குக் கீழான சிறுமியுடன் உறவு கொள்வது சம்மதம் இருந்தாலும் வன்புணர்வே. ஆனால் அவள் 12 வயதைக் கடந்த மனைவியாக இருந்தால் விலக்கு. ஒரே தெருவில் வாழும் இரண்டு சிறுமிகளுக்கு இரு வேறு பாதுகாப்பு என்றால் அதைச் சமத்துவம் என்று சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவில் நடந்தது போல நீதிமன்றம் இதை ரத்து செய்யவும் முடியாது. 1978 அரசமைப்பின் 16-ஆம் பிரிவு, அதற்கு முன்பிருந்த எழுதப்பட்ட, எழுதப்படாத சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. இங்கே மாற்றத்தின் கதவு நாடாளுமன்றம் ஒன்றே. நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் 2009-இல் அமைத்த சீர்திருத்தக் குழு அறிக்கை தருவதற்கே 2018 ஆகிவிட்டது.

இதற்காக இலங்கையில் நீதிமன்ற வாசல் அடைபட்டிருக்கிறது என்று கொள்ளக் கூடாது. அரசு நிர்வாகத்தின் செயலால் உரிமை மீறப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு. அரசமைப்பின் 126-ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போவது ஒன்று. இலங்கை வழக்கில் நாட்டின் உச்ச மன்றத்துக்கு அதுவே பெயர். 2007-ஆம் ஆண்டின் 56-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்று மாதத்துக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போவது இன்னொன்று. அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சிறுவர் தொடர்பான எல்லா விடயத்திலும் அவர்களுடைய நலனே தலையாயது என்று எழுத்தில் சொல்கிறது. ஒரு மாதம் கடந்துபோனதும் எல்லாம் முடிந்தது என்று கைவிட்ட குடும்பங்களுக்கு இரண்டாவது வழி தெரிந்திருக்கவில்லை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது என்பதும் பயனுள்ள தகவல்.

இந்தியாவுக்குள் இருக்கும் எல்லைகள்

இந்தியா பொதுச்சட்ட நாடுதான். குடும்ப விஷயத்தில் சமயவாரித் தனிநபர் சட்டங்களின் நாடு. அரசமைப்பு முரணான சட்டங்களை ரத்தாக்கும் என்றாலும், தனிநபர் சட்டம் அந்தச் சோதனைக்கு உட்பட்டதல்ல என்று 1950-களின் தொடக்கத்தில் பம்பாய் உயர்நீதிமன்றம் நரசு அப்பா மாலி வழக்கில் கூறியதன் நிழல் இன்னும் நீங்கவில்லை. நீதிமன்றங்கள் நேராக மோதாமல் பொருள் கூறும் வழியில் சுற்றிப் போயிருக்கின்றன. இந்துச் சிறார் காப்பாண்மைச் சட்டம் தந்தைக்குப் பின்னரே தாய் என்கிறது. தந்தை உயிரோடு இருந்தும் பொறுப்பில் இல்லாதபோது தாயே காப்பாளர் என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இல் பொருள் கண்டது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சிறாரின் நலனே முதன்மை என்பதால், பராமரிப்பு வழக்கில் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

தத்தெடுப்பில் எல்லையைத் தாண்ட எளிய வழி கிடைத்துவிட்டது. இந்துத் தத்தெடுப்புச் சட்டம் முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி ஆகியோருக்குப் பொருந்தாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எந்தச் சமயத்தவரும் தத்தெடுக்கலாம், தனிநபர் சட்டம் அதைத் தடுக்காது என்று 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கு தெளிவாக்கியது.

குழந்தைத் திருமணத்தில் அப்படித் தீரவில்லை. 2006 சட்டம் அத்தகைய திருமணத்தைக் குற்றமாக்குகிறது, ஆனால் செல்லாததாக்கவில்லை. குழந்தையாக இருந்து மணமுடிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம், அதுவும் வயதுவந்து இரண்டு ஆண்டுகளுக்குள். பெண்ணுக்கு 20 வயது நிறைவதற்குள் மனு போடாவிட்டால் அந்த வழி மூடிவிடும் என்பதைப் பல பெண்கள் அது மூடிய பிறகே அறிகிறார்கள். கர்நாடகம் 2016-இல் திருத்தம் செய்து இத்தகைய திருமணத்தைத் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றாக்கியது. 2006 சட்டம் எல்லாச் சமயத்தவருக்கும் பொருந்தும் என்று சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையும் கேரள உயர்நீதிமன்றமும் கூற, பஞ்சாப்–ஹரியாணா உயர்நீதிமன்றத் தீர்ப்புகள் சில பூப்பெய்திய முஸ்லிம் சிறுமியின் திருமணத்தை ஏற்றிருக்கின்றன. 2024 அக்டோபரில் தடுப்பு நடவடிக்கைகளுக்கு விரிவான வழிகாட்டுதல் தந்த உச்ச நீதிமன்றமும் இந்தப் பிணக்கைத் தீர்க்காமல் விட்டது.

ஆகவே திருமணத்துக்கு முன்னரே செயல்படுவதுதான் பலன் தரும். 2006 சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெறலாம். அந்த ஆணையை மீறி நடக்கும் திருமணம், 14-ஆம் பிரிவின்படி, எந்த மனுவும் தேவையின்றிச் செல்லாததாகிவிடும். திருமணத்துக்கு முந்தைய நாள் கிடைத்த ஒரு தடையாணை பின்னர் நடக்கும் பல ஆண்டு வழக்கை மிச்சப்படுத்தும். தமிழ்நாட்டில் இதற்கு அணுக வேண்டியவர் மாவட்டச் சமூக நல அலுவலர், அவசரத்தில் குழந்தைகள் உதவி எண் 1098.

முதலில் பார்க்க வேண்டியவை

வயதுதான் முதல் கேள்வி. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அதுவே முடிவு செய்யும். இந்திய இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று முதலில். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இவை எதுவும் இல்லாதபோது மட்டுமே எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையில் இல்லை. அது வயதுக்குச் சான்றாகாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2024-இல் உறுதி செய்தது.

அடுத்து, குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு பார்க்கும். சட்டத்தோடு முரண்பட்டதாகச் சொல்லப்படும் குழந்தையை இளைஞர் நீதிக் குழுமம் பார்க்கும். இரண்டையும் குழப்பினால், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவன் குற்றவாளிபோல நடத்தப்படுவான். நலக் குழுவின் முன் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தையை நிறுத்த வேண்டும். காவலர் மட்டுமல்ல, செவிலியர், மருத்துவர், சமூகப் பணியாளர் என யாரும் அழைத்து வரலாம். 31-ஆம் பிரிவின்படி குழந்தை தானாகவே வந்தும் நிற்கலாம். பிரெஞ்சுச் சிறார் நீதிபதியின் வாசலைப் போன்ற ஒன்று நம் மாவட்டத் தலைநகரிலேயே இருப்பது அதிகம் பேசப்படுவதில்லை.

மூன்றாவது, குடும்பத்தின் சமயம், பதிவு செய்த திருமணத்தின் வகை, வசிக்கும் இடம், பூர்விகம். காப்பாண்மை, வாரிசு, திருமணம் மூன்றிலும் இவை சட்டத்தை மாற்றும். குற்றம், கல்வி, தொழில் ஆகியவற்றில் மாற்றாது. போக்சோ சட்டம் எந்தச் சமயத்துக் குழந்தைக்கும் ஒன்றே. அதற்கு முரணான வேறு சட்டம் இருந்தால் போக்சோவே மேலோங்கும் என்று அதன் 42-அ பிரிவு சொல்கிறது. தனிநபர் சட்டத்தைக் காரணம் காட்டிப் புகாரை ஏற்க மறுக்கும் இடத்தில் காட்ட வேண்டிய பிரிவு அது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் அச்சட்டத்தின் கீழ் குற்றம்; நிறுவனத் தலைவர் மறைத்தால் தண்டனை ஓராண்டு வரை போகும்.

கால எல்லைகளைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே குறித்துவைக்க வேண்டும். நலக் குழு அல்லது நீதிக் குழுமத்தின் ஆணையால் பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பு, நிதி ஆதரவு பற்றிய ஆணைகள் மட்டும் மாவட்ட ஆட்சியரிடம் போகும். இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எண்ணும், மலேசியாவில் 15999 எண்ணும் முதல் அழைப்புக்கு உரியவை. அழைத்த நேரமும் பேசியவர் பொறுப்பும் எழுத்தில் இருந்தால் பின்னர் மனுவுக்கு ஆதாரமாகும். குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி ஆகியவை எந்தப் பத்திரிகைக் குறிப்பிலும், வாட்ஸ்அப் குழுவிலும் போகக் கூடாது. இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு இதைத் தண்டனைக்குரியதாக்குகிறது, நல்ல நோக்கத்தோடு பகிர்ந்தவருக்கும் அதில் விலக்கு இல்லை.